சேம அச்சு

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்க இலக்கியம் பற்றியோ இசுலாமியத் தமிழ்க் காப்பியங்கள் பற்றியோ ஆய்வுக்கட்டுரை ஒன்று என் கையிலிருந்து வரும் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழ்த்துறையில் பணியாற்றும் ஒருவரிடம் அதனை எதிர்பார்ப்பது முறையே. எனினும், இவ்வாண்டு என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. அது ஒரு வண்டி. நான்கு சக்கரங்கள் உடையது. காலால் மிதித்து ஓட்டுவது. சாலையே இல்லாத செம்மணற் காட்டில் ஏழாண்டுகள் ஓடியது. அதனை எண்ணி வடித்துச் செய்தவர்கள் என் வாப்பா. பொறியியல் கல்லூரியின் வாயிலை அவர்கள் மிதித்ததில்லை. பள்ளிப் படிப்பும் இல்லை. மதரசாவில் கற்ற அரபெழுத்தில் தமிழை எழுதத் தெரியும், அவ்வளவே.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கரையில் உள்ளது. ஊருக்கு மேற்கே சிறிது தொலைவு சென்றால் தேரிக்காடு தொடங்கும். இரும்புச்சத்து கலந்தமையால் செந்நிறம் பெற்ற மணல். காற்றடிக்கும் காலத்தில் இன்றிருந்த மேடு நாளை இராது. அந்த மணலில் பனைமரங்கள் நிற்கும். பதனீர்க் காலத்தில் பனையேறும் குடும்பங்கள் விடிலி அமைத்து அங்கேயே தங்கி, கருப்பட்டி காய்ச்சுவர். விடிலியிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். வெறுங்கையோடு நடந்தாலே கால் புதையும். கருப்பட்டிச் சிப்பங்களைத் தலையில் சுமந்து அவ்வழியே வருவார்கள்.

சாலையும் தேரியும் சந்திக்கும் இடத்தில் வாப்பாவின் சைக்கிள் கடை இருந்தது. வாடகை சைக்கிள் பத்து, பஞ்சர் ஒட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு ஒன்று, எண்ணெய் படிந்த ஒரு பலகை. கருப்பட்டி கொண்டுவருவோர் அப்பலகையில் அமர்ந்து இளைப்பாறுவர். அவர்கள் வாப்பாவைப் "பாய்" என்பர். வாப்பா அவர்களை "அண்ணாச்சி" என்பார்கள். உறவு அப்படி.

1994ஆம் ஆண்டுப் பங்குனியில் அந்த அண்ணாச்சிமாருள் ஒருவர் பனையிலிருந்து விழுந்துவிட்டார். வாப்பாவுக்கு இளமை முதலே தோழர். நார்க்கட்டிலில் கிடத்தி நால்வர் தூக்கி வந்தனர். மணலில் ஒருவர் கால் புதையும்போது கட்டில் சாயும், மற்றவர் தடுமாறுவார், கட்டில் குலுங்கும். சாலைக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்தார். ஆனால் எழுந்து நடக்கவே இல்லை. முதுகில் அடிபட்டவரை அசையாமல் மட்டமாகக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினாராம். அச்சொல்லை வாப்பா வீட்டில் வந்து இரண்டு முறை சொன்னார்கள். அதன்பின் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் இரவு உணவுக்குப்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு எதையோ எழுதவும் கோடிழுக்கவும் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போது நான் மேல்நிலை முதலாண்டில் சேர இருந்தேன். தமிழில் முதல் மதிப்பெண். பேச்சுப்போட்டிகளில் பரிசு. சேர்க்கைப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "வணிகம்" என்று எழுதினேன். கையொப்பமிட வந்திருந்த வாப்பாவிடம் எழுத்தர் அதனைப் படித்துக்காட்டி, "என்ன வணிகம்?" என்று கேட்டார். வாப்பா என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, "சைக்கிள் கடைங்க. பஞ்சர் ஒட்டுறது" என்றார்கள். வீடு வரும்வரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் அன்றே அது முடிந்திருக்கும். கடியாமையால் இன்றளவும் முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1995 மே விடுமுறையில், கடைக்குப் பின்னிருந்த முற்றத்தில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. வாப்பா என்னை அழைத்து, "இதைப் பிடி வாப்பா" என்றார்கள். எங்கள் பக்கத்தில் தந்தை மகனையும் அன்போடு "வாப்பா" என்றே அழைப்பது வழக்கம். நான் பிடித்தேன். மறுக்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

முதற்கண் வாப்பா அளந்தது சக்கரத்தையோ சட்டத்தையோ அன்று, முற்றத்தின் வாயிலை. "செஞ்ச பொறவு வெளியே எடுக்கணும்ல?" என்றார்கள். வாயிலின் அகலம் நாலேகால் அடி. ஆகவே வண்டியின் அகலம் நான்கடி என்று முடிவாயிற்று. 1896இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு, நான்கு சைக்கிள் சக்கரங்களை வைத்துத் தம் முதல் மோட்டார் வண்டியைக் கொட்டகையில் செய்து முடித்தபின், அது வாயிலில் நுழையாமற்போகவே கோடரியால் சுவரை இடித்து வெளியே கொணர்ந்தார் என்பதைப் பல்லாண்டுகளுக்குப்பின் படித்தபோது வாப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஏன் நான்கு சக்கரம்? இரண்டு சக்கர சைக்கிளில் நோயாளியைக் கிடத்த முடியாது. கடைத்தெருவில் சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாப்பா வாடகைக்கு எடுத்துத் தேரியில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு குறைகள் தெரிந்தன. சரிவில் குறுக்காகச் செல்லும்போது அது கவிழப் பார்த்தது. மற்றொன்று நுட்பமானது. மூன்று சக்கர வண்டி மணலில் மூன்று தடங்களை உழுதுகொண்டு போகிறது. நடுவிலுள்ள முன்சக்கரம் தனக்கென ஒரு தடத்தைப் புதிதாக அமுக்க வேண்டும். பின்சக்கரங்கள் தத்தமக்கென இரண்டு. நான்கு சக்கர வண்டியிலோ முன்சக்கரங்கள் அமுக்கிய தடத்திலேயே பின்சக்கரங்கள் உருளும். தடம் இரண்டுதான். உழைப்பு குறையும். மணலில் பதிந்த தடங்களைக் குனிந்து விரலால் அளந்து வாப்பா இதனைக் கண்டறிந்தார்கள்.

ஆனால் நான்கு சக்கரத்துக்கு ஒரு குற்றம் உண்டு. தமிழில் முக்காலி என்றும் நாற்காலி என்றும் சொல்கிறோம். முக்காலி எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது. நாற்காலி, தரை சமமில்லையெனில் ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். மேடும் பள்ளமுமான மணலில் நான்கு சக்கர வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அது இழுக்கும் சக்கரமாயின் மிதிப்பு வீணாகும். மேலே கிடப்பவரும் குலுங்குவார். இதற்கு வாப்பா கண்ட வழி, டிராக்டரிலிருந்து வந்தது. டிராக்டரின் முன்னச்சு நடுவில் ஒரே முளையில் தொங்கி, தராசுக்கோல் போல இருபுறமும் ஏறி இறங்கும். அவ்வாறே எங்கள் வண்டியின் முன்னச்சும் நடுவில் ஒரு தடித்த போல்ட்டில் தொங்கியது. நான்கு சக்கரமிருந்தும் வண்டி முக்காலியின் இயல்பைப் பெற்றது.

சக்கரங்களைத் தேர்வதில் ஒரு மாதம் சென்றது. சைக்கிள் டயர் ஒன்றரை அங்குல அகலம். அது மணலைக் கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கும். "ஒட்டகத்தின் காலைப் பார், மாட்டின் குளம்பைப் பார்" என்றார்கள் வாப்பா. ஒட்டகத்தை அவர்கள் நேரில் கண்டது எங்கள் ஊருக்கு வந்த சர்க்கஸ் ஒன்றில்தான். பாரம் அகன்ற பரப்பில் பரவினால் மணல் தாங்கும் என்பதே செய்தி. பழைய இரும்புக் கடையில் புல்லட் மோட்டார் சைக்கிளின் ரிம்கள் நான்கும், தேய்ந்து வழுவழுப்பான டயர்கள் நான்கும் கிடைத்தன. அகலம் மூன்றேகால் அங்குலம். தேய்ந்த டயர் எதற்கு என்று கேட்டேன். புது டயரின் கட்டைகள் மணலைத் தோண்டும். வழுவழுப்பானது தோண்டாது என்று விடை வந்தது. காற்றையும் பாதிதான் அடித்தார்கள். டயர் சற்றே சப்பினால் தரையைத் தொடும் பரப்பு கூடும். சாலையில் ஓட்டுபவன் காற்று குறைந்ததென்று கடைக்கு வருவான். தேரியில் ஓட்டுபவன் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மிதிப்பு. வழக்கமான சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். தார்ச்சாலைக்கு அது நன்று. மணலுக்கு ஆகாது. அங்கே தேவை விரைவன்று, வலிமை. கியர் வைத்த சைக்கிள் எங்கள் பக்கத்தில் அப்போது கிடையாது. வாப்பா கடையிலிருந்த பழைய உறுப்புகளைக் கொண்டே வழி செய்தார்கள். பெடலின் 44 பல் சக்கரத்திலிருந்து ஒரு செயின், நடுவில் அமைத்த தண்டிலுள்ள 18 பல் ஃப்ரீவீலுக்குச் செல்லும். அதே தண்டில் இன்னொரு 18 பல் சக்கரம் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டாவது செயின், பின்சக்கரத்தில் பூட்டிய 44 பல் சக்கரத்துக்குச் செல்லும். முதற்கட்டத்தில் பெருகிய விரைவு இரண்டாம் கட்டத்தில் அவ்வளவே குறைந்து, பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்றாகும். ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர். நடக்கும் வேகம்தான். ஆனால் காலுக்கு வலிமை இரண்டரை மடங்கு.

இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்க வேண்டும். இடப்புறம் இருப்பவரின் மிதிப்பு இடது பின்சக்கரத்துக்கு. வலப்புறம் இருப்பவரின் மிதிப்பு வலது பின்சக்கரத்துக்கு. இவ்வாறு பிரித்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று வழுக்கும், அல்லது அச்சு முறுகும். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் சைக்கிள் செய்த ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1877இல் இதற்கெனப் பல்சக்கரங்களால் ஆன ஓர் அமைப்பைத் தம் மிதிவண்டியில் பொருத்தினார். அதன் வழிவந்தது இன்று ஒவ்வொரு காரிலும் உள்ளது. வாப்பாவுக்கு அது எட்டாத செலவு. அவர்கள் இரு பக்கமும் தனித்தனி ஃப்ரீவீல் வைத்தே அவ்வேலையை முடித்துவிட்டார்கள். வெளிச்சக்கரம் விரைந்தால் அதன் ஃப்ரீவீல் "கட கட" என்று தானே விட்டுக்கொடுக்கும்.

இவ்வமைப்பில் ஒரு வினையும் இருந்தது. இருவரில் ஒருவர் சோம்பினால் வண்டி அவர் பக்கமாகத் திரும்பும். முதல் வெள்ளோட்டத்தில் வண்டி ஓயாமல் வலப்பக்கம் இழுத்தது. வலப்புறம் அமர்ந்திருந்தவன் நான். வாப்பா நடுவிலிருந்த திருப்புகோலை நேராகப் பிடித்தபடி, "வண்டி பொய் சொல்லாது வாப்பா" என்றார்கள். படிவத்தில் நான் எழுதிய சொல் நினைவுக்கு வந்தது. அவர்கள் அதைக் கருதிச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

திருப்புதலில் மற்றொரு சிக்கல் எழுந்தது. இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே அளவு திருப்பும்படி இணைத்திருந்தோம். வளைவில் அவை மணலைக் கலப்பை போல் தள்ளின. உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால் அது கூடுதலாகத் திரும்ப வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் 1817இல் இதற்கு விடை கண்டார். இலண்டனில் 1818இல் ஆக்கர்மன் என்பவர் பெயரில் காப்புரிமை பெறப்பட்டது. முன்னோடி மிதிவண்டியை ஜெர்மானியரான டிரைசு ஓட்டிக்காட்டியதும் அதே 1817தான். இவை யாவும் பின்னாளில் நான் நூலகத்தில் அறிந்தவை. வாப்பா செய்தது இது: பின்னச்சின் நடுவில் ஓர் ஆணியடித்து, அங்கிருந்து முன்சக்கரத் திருகுமுளைகள் இரண்டுக்கும் நூல் கட்டினார்கள். திருப்பும் கைகளை அந்நூலின் போக்கில் சாய்த்துப் பற்றவைத்தார்கள். வண்டி மணலைத் தள்ளாமல் வளைந்தது. ஆக்கர்மன் முறையை விளக்கும் நூல்களிலும் அதே கோடுகள்தாம் வரையப்பட்டிருக்கக் கண்டேன்.

இருக்கைகளுக்குப் பின்னே நோயாளியைக் கிடத்தும் நார்க்கட்டில். அதனைச் சட்டத்தில் பொருத்தாமல், பழைய சைக்கிள் டியூபுகளை முறுக்கிக் கட்டித் தொங்கவிட்டோம். குலுங்கல் டியூபோடு நின்றுவிடும். செயினுக்கு எண்ணெய் இட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரைக்கும் என்பதால், மெழுகை உருக்கி அதில் செயினை ஊறவைத்தோம். கட்டில் நீங்கலாக வண்டியின் எடை தொண்ணூறு கிலோ இருக்கும். கனம்தான். மேடேறும்போது பின்னாலிருந்து யாரேனும் தள்ள வேண்டும். அதனை வாப்பா யாரிடமும் மறைக்கவில்லை.

அவ்வாண்டு ஜூலையில், கருப்பட்டிச் சிப்பங்களை நோயாளிக்கு ஈடாக ஏற்றிச் சோதித்தோம். பாதி வழியில் முன்னச்சைத் தாங்கிய நடு போல்ட் முறிந்தது. அன்று பாரத்தையும் வண்டியையும் இழுத்துவரப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் லேத் பட்டறைக்குச் சென்று வாப்பா கடைந்துவாங்கியது ஒரு போல்ட் அன்று, இரண்டு. ஒன்றைப் பூட்டினார்கள். மற்றொன்றைச் சாக்குத்துணியில் சுற்றி, வண்டியின் அடியில் கயிற்றால் கட்டினார்கள். "அது எதற்கு வாப்பா அங்கே?" என்றேன். "வழியில ஒடிஞ்சா பட்டறை கூடவா வரும்?" என்றார்கள்.

1996 ஜூன் மாதம். மேல்நிலைத் தேர்வு முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்காகக் காத்திருந்தேன். ஓரிரவு இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. விடிலியில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி. முதல்நாள் தொடங்கியது இன்னும் முடியவில்லை. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நான் வலப்புறம் அமர்ந்தேன். விடிலியில் அப்பெண்ணைக் கட்டிலில் கிடத்தினர். உடன் அவள் மாமியார் நடந்து வந்தார். கணவர் அரிக்கேன் விளக்கோடு முன்னே நடந்தார். வண்டி அன்று நன்றாகவே ஓடியது. கட்டில் குலுங்கவில்லை.

ஒரு கிலோமீட்டர் கடந்திருப்போம். இடப்புறச் செயின் அறுந்தது. மாற்றுப் போல்ட் இருந்தது. மாற்றுச் செயின் இல்லை. வாப்பா ஒரு கணம் குனிந்து பார்த்தார்கள். பிறகு இறங்கி இடது பின்சக்கரத்தருகே சென்று தோள் கொடுத்து, "நீ மிதி வாப்பா, நிறுத்தாதே" என்றார்கள். நான் மிதித்தேன். வலது சக்கரம் மட்டும் இழுத்ததால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போயிற்று. வாப்பா தள்ளித் தள்ளி நேராக்கினார்கள். மேடுகளில் அப்பெண்ணின் கணவரும் தள்ளினார். என் தொடை நடுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவேன் என்று அஞ்சினேன். சாலையில் வாடகைக் கார் காத்திருந்தது.

தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் காலை உணவு உண்ணாமல் வாப்பா கடைக்குச் சென்றார்கள். நான் போனபோது அறுந்த செயினின் கண்ணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் புகுந்து தேய்ந்திருந்தது. அன்று எண்ணெய் டின்களை வெட்டிச் செயின்கள் நான்குக்கும் மூடிகள் அடித்தோம். இரண்டு மாற்றுச் செயின்கள் வண்டியின் அடியில் போல்ட்டோடு சேர்ந்தன. அந்நாள் முழுதும் நாங்கள் பேசிக்கொண்ட சொற்கள் பத்துக்கு மேல் இரா.

அடுத்த மாதம் பி.ஏ. தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாமாண்டில் புறநானூறு பாடம். பேராசிரியர் 102ஆம் பாடலை நடத்தினார். ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. உப்பு வணிகரான உமணர், பண்டம் நிறைந்த வண்டியோடு மேடு பள்ளம் செல்கையில் என்ன நேருமோ என்று கருதி, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அந்தச் சேம அச்சினைப் போன்றவன் எழினி என்பது பாட்டின் உவமை.

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. எங்கள் வண்டியின் அடியில் சாக்குத்துணி சுற்றிய போல்ட் கண்முன் தோன்றியது. எழுத்தறியாதவர் என்று நான் நாணிய என் வாப்பா, ஔவை கண்ட உமணரின் அறிவை அப்படியே கையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது பாட்டிலிருந்து வரவில்லை. ஒடிந்த ஓர் அச்சிலிருந்து வந்தது. பாட்டுக்கும் அங்கிருந்துதானே வந்திருக்க வேண்டும்! நூல்களில் மட்டுமே தமிழ் உள்ளது என்று இறுமாந்திருந்த எனக்கு அன்று விழுந்த அடி பெரிது. பின்னர் எம்.ஃபில். பட்டத்துக்கு உமணர் வாழ்வை ஆய்வுப் பொருளாகக் கொண்டதன் காரணம், நெறியாளருக்குக்கூட நான் சொல்லாத இதுதான்.

இன்னொன்றும் நெஞ்சில் தைத்தது. ஔவை சேம அச்சு என்றது ஒரு தந்தையின் மகனை. நான் என் வாப்பாவுக்கு அப்படி இருந்தேனா? இவ்வினாவை அவர்களிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

2003இல் தேரியின் ஊடே சாலை போடப்பட்டது. அதன்பின் வண்டிக்கு வேலை இல்லை. 2008இல் 108 அவசர ஊர்தியும் வந்துவிட்டது. அந்த ஊர்தி விடிலிப் பக்கம் போவதை முதன்முறை கண்ட நாளில் வாப்பா கடைவாயிலில் எழுந்து நின்று பார்த்தார்கள். "நல்லது" என்றார்கள். அவர்கள் முகத்தில் தம் வண்டி ஓய்ந்ததே என்னும் வருத்தம் சிறிதும் இல்லை. 2011இல் வாப்பா மௌத்தானார்கள். இறைவன் அவர்களுக்கு நற்பேறு அருள்வானாக.

இவ்வாண்டு இதனை எழுதத் தூண்டியவர் என் மாணவர் ஒருவர். பாடம் முடிந்தபின் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1994 முதல் மாணவர்களுக்கு நடத்திய மிதிவண்டிப் போட்டியின் படம். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் ஓடிய நான்கு சக்கர ஊர்தியை முன்மாதிரியாகக் கொண்டது அது. மாணவர் இருவர் அமர்ந்து மிதிக்கும் வண்டியை அவர்களே வடிவமைத்து, மேடும் மணலும் சரளையும் நிறைந்த தடத்தில் ஓட்ட வேண்டும். பிற்கால விதிப்படி மடக்கினால் 5 அடிக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். இந்திய மாணவர் குழுக்களும் சென்று வந்துள்ளன. நிலவில் ஓடிய ஊர்திக்குக் காற்றடைத்த டயர் இல்லை. கம்பி வலையால் பின்னிய அகன்ற சக்கரங்கள், புழுதி மண்ணில் புதையாதிருக்க. "இது போல நம்மால் செய்ய முடியுமா ஐயா?" என்று அம்மாணவர் கேட்டார். முடியும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். அவரை அடுத்த ஞாயிறு எங்கள் ஊருக்கு வரச் சொன்னேன்.

வண்டி முற்றத்தில் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. டயர்கள் வெடித்திருந்தன, மூடிகள் துருவேறியிருந்தன. முன்னச்சை அழுத்தினேன், தராசுக்கோல் போல ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. மாணவர் அடியில் படுத்துப் பார்த்து, "ஐயா, இங்கே ஏதோ கட்டியிருக்கிறது" என்றார். அவிழ்க்க வேண்டாம் என்றேன்.

அளவுகள் வேண்டுமே என்று வாப்பாவின் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அத்தனையும் அரபுத்தமிழ். தமிழில் ஆய்வுப்பட்டம் பெற்ற எனக்கு, என் தந்தை எழுதிய தமிழைப் படிக்கத் தெரியவில்லை. உம்மாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். வாயில் நாலேகால் அடி; பல் 44, 18; டியூபு இத்தனை; மெழுகு இத்தனை. மாணவர் குறித்துக்கொண்டே வந்தார். பின்பக்கங்களில் வண்டி சென்ற பயணங்களின் கணக்கு இருந்தது. ஏழாண்டுகளில் பதினொரு பேர். ஒவ்வொன்றுக்கும் நாள், வழியில் நேர்ந்த பழுது, செய்த திருத்தம்.

1996 ஜூன் பயணத்துக்கு வந்தபோது உம்மா சற்று நிறுத்தினார்கள். பிறகு வாசித்தார்கள்:

"இடது செயின் அறுந்தது. மூடி போடாதது என் தவறு. குழந்தை தங்கவில்லை. மகன் தனியாக மிதித்தான். வண்டி நிற்கவில்லை."

மாணவச் செல்வங்களே, சேர்க்கைப் படிவங்கள் இன்றும் உங்களிடம் தந்தையின் தொழிலைக் கேட்கின்றன. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நான் இப்போது எழுதிவிட்டேன்.